மேலே வந்தவள்

"நான் வாயையே திறக்கலை, ஃபெர்மீன்."

"திறந்தே. 'மேல'ன்னு சொன்னே. என் காதால—"

"ஏணியில ஒரு காலை வச்சுக்கிட்டு, வாயில குழாயைக் கடிச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்? சொல்லு பார்ப்போம், எப்படி—"

"—கேட்டேன்னு சொல்றேன்ல. நீ சொன்னப்புறம்தான் அந்தம்மா பேரையே கூப்பிட்டேன்."

அந்தம்மா குவாதலஹாராவிலிருந்து கணவரோடு வந்திருந்த மாரிக்ரூஸ். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள். "விடுங்க. கல்யாணமாகிப் பல வருஷம் ஆனா ஆம்பளைங்களுக்கு இப்படித்தான். பேசினது காதுல ஏறாது, பேசாதது நல்லாக் கேட்கும்."

"என்ன சொன்னே?" என்றார் அவள் கணவர் ஒராசியோ.

"பார்த்தீங்களா?"

படகில் எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்மீனோடு வாதாடிக்கொண்டிருந்த அவன் மனைவி நீடியா மட்டும் சிரிக்கவில்லை.

கோசுமெல் தீவின் முக்குளிப்புப் படகுகளில் தலையை எண்ணும் பழக்கம் கிடையாது. நனைந்த உடம்புகள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருவரை இருமுறை எண்ணிவிடலாம், ஒருவரை விட்டுவிடலாம். அதனால் கேப்டன் சுக்கானைப் பிடித்தபடி பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் தன் வாயால் "மேல!" என்று சொல்ல வேண்டும். புருஷனுக்காகப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, பிள்ளைக்காகத் தாய் சொல்லக் கூடாது. எல்லா வாயிலிருந்தும் அந்த ஒரு சொல் வந்த பிறகுதான் தண்ணீருக்கடியில் படகின் விசிறி சுற்றும். ஃபெர்மீன் கூப்பிடும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணைக் கடலுக்கும் காதைப் பின்பக்கத்துக்கும் கொடுத்துவிடுவான். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

நீடியா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் பெஞ்சின் கடைசி மூலை. வழிகாட்டியின் இடம், வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை. உட்கார்ந்ததும் எழுந்துவிட்டாள். பலகை ஈரமாக இருந்தது. தெறித்த ஈரமல்ல; நடுவில் அகன்று, இரண்டு தொடைகளாகப் பிரிந்து, கீழே இரண்டு பாதங்களுக்கு அடியில் சின்னக் குட்டைகளாகத் தேங்கிய ஈரம். அவள் வருவதற்கு முன் யாரோ வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தது போல. டீசல் நாற்றத்தையும், படகு உதவியாள் அபுந்தியோ நறுக்கி மிளகாய்ப்பொடி தூவி வைத்திருந்த அன்னாசியின் வாசனையையும் தாண்டி அந்த மூலையில் மட்டும் வேறொரு வாடை அடித்தது. பவளப் பாறையைப் பெயர்த்து வெயிலில் போட்டால் இரண்டாம் நாள் அடிக்குமே, அந்த வாடை.

அவள் துண்டால் பலகையைத் துடைத்தாள். பிறகு சுக்கானுக்குப் பின்னால் போய், விருந்தினர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"லெய்தி குரலையும் இப்படித்தான் கேட்டியா?"

ஃபெர்மீனின் கை சுக்கானில் அசையாமல் நின்றது.

"அதைத்தானே அன்னையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். கூப்பிட்டேன். 'மேல'ன்னா. திரும்பியும் பார்த்தேன். அந்த மூலையில தலையுறை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா."

"துறைக்கு வந்தப்போ?"

"இல்லை. எத்தனை தடவை கேட்பே? முன்னாடியே குதிச்சு இறங்கிப் போயிட்டான்னு நினைச்சேன். உன் தங்கச்சி என்னைக்குச் சொல்லிட்டுப் போயிருக்கா?"

போன வருஷம் இதே நவம்பரில், வடகாற்று திடீரென்று இறங்கிய பிற்பகலில், நீடியாவுக்குக் காய்ச்சல் என்று அவளுக்குப் பதிலாக லெய்தி வழிகாட்டியாகப் போனாள். படகு திரும்பியது, லெய்தி திரும்பவில்லை. ஆனால் கேப்டன் பேர் கூப்பிட்டார், அவள் பதில் சொன்னாள், படகில் எல்லோரும் கேட்டார்கள். அப்படியென்றால் அவள் கடலில் இல்லை. அந்த ஒரு சொல்லால் கடலில் ஒரு படகுகூடத் தேடிப் போகவில்லை. எதிர்க்கரைக்குப் போகும் பயணிக் கப்பலில் தேடினார்கள், பேருந்து நிலையத்தில் தேடினார்கள், அவளோடு சிரித்துப் பேசிய ஒரு கிட்டார்க்காரனைக் கூப்பிட்டு மிரட்டினார்கள். அம்மா இன்னும் வாசல் விளக்கை அணைப்பதில்லை. பத்து நாள் முன்பு இறந்தவர்களுக்குப் படையல் வைத்தபோது, லெய்தியின் படத்தை எடுத்துக்கொண்டு போன நீடியாவின் கையை அம்மா தட்டிவிட்டாள். "உயிரோட ஊர் சுத்துறவளுக்கு யாராவது படைப்பாங்களாடி?"

நீடியா புருஷனை நம்பினாள். நம்பாவிட்டால் ஒரே வீட்டில் படுத்து எழுந்திருக்க முடியாது.

அபுந்தியோ தீர்ந்த சிலிண்டர்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டிக்கொண்டிருந்தார். ஃபெர்மீனின் அப்பா காலத்திலிருந்து இந்தப் படகிலேயே இருப்பவர். இயந்திரச் சத்தத்தில் ஒரு காது செவிடாகிப்போனவர். அவள் நல்ல காதுப் பக்கம் போய்க் குனிந்தாள்.

"நீங்க கேட்டீங்களா? இப்போ, என் குரலை?"

"கேட்டேன் மகளே. உன் குரல்தான்."

"அன்னைக்கு? லெய்தி குரலை?"

அவர் திருகை இறுக்கினார். இறுக்கியதையே மறுபடி இறுக்கினார். அன்னாசித் துண்டின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது, அதை விரட்டினார்.

"அபுந்தியோ."

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் கேட்கலை மகளே. நான் முன்பக்கம் நங்கூரக் கயிறைச் சுருட்டிட்டிருந்தேன். காத்து என்ன போடு போட்டுச்சு தெரியுமா!"

"கேட்டேன்னு துறைமுக அலுவலகத்துல சொன்னீங்க. அம்மா முகத்தைப் பார்த்துச் சொன்னீங்க."

"கேப்டன் சொல்லச் சொன்னாரு. எல்லாருக்கும் கேட்டிருக்கு, உனக்கு மட்டும் கேட்கலைன்னா உன் காதைத்தான் குறை சொல்லுவாங்கன்னாரு." அவர் குரல் தணிந்தது. "காது கேட்கலை. கண்ணு தெரிஞ்சுது. மிதவை நின்னுச்சு மகளே. கீழே இருக்கிறவங்க மேல அனுப்புற ஆரஞ்சு மிதவை. படகுக்குப் பின்னாடி, அலைக்கு மேல நிமிர்ந்து நின்னு ஆடுச்சு. யாரோ கீழேயிருந்து இழுத்து இழுத்து ஆட்டுற மாதிரி. கேப்டன்கிட்டக் காட்டினேன்."

"அவர் பார்த்தாரா?"

"பார்த்தாரு."

"என்ன சொன்னாரு?"

"எல்லாரும் மேல வந்தாச்சு, அது எங்கேயோ அறுந்துவந்ததுன்னாரு."

வெயில் சுள்ளென்று இருந்தது. நீடியா ரப்பர் உடையின் கழுத்தைத் தளர்த்தினாள். அவள் கேட்ட முதல் கேள்விக்கு அபுந்தியோ சொன்ன பதில், இன்று அவள் பேசாத குரலை அவரும் கேட்டார் என்பது, அவள் மனதில் ஒட்டாமல் வழுக்கிப் போயிற்று. மிதவை மட்டும் நின்றது. ஆரஞ்சாக, நிமிர்ந்து, கையாட்டிக்கொண்டு.

"நீ பார்த்திருக்கே," என்றாள் ஃபெர்மீனிடம்.

அவன் அபுந்தியோவைத் திரும்பிப் பார்த்தான். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"படகு நிறைய ஆள். திருப்பினா அலையைப் பக்கவாட்டுல வாங்கிக் கவிழ்ந்திருக்கும். ஆனா அதுக்காக இல்லை நீடியா. அவ பெஞ்சுல இருந்தா. அம்மா மேல சத்தியமா இருந்தா. பெஞ்சுலயும் இருக்கா, தண்ணியிலயும் இருக்கான்னா நான் என்ன பண்றது? ஒண்ணைத்தானே நம்ப முடியும்?"

"உனக்கு எது சௌகரியமோ அதை நம்பினே."

"மெதுவா பேசு, அவங்க—"

"சாயங்காலம் துறைமுக அலுவலகத்துக்குப் போறேன். அங்கேயிருந்து அம்மாகிட்ட. அவ மகள் எந்த ஊர்லயும் இல்லைன்னு சொல்லணும். விளக்கை அணைக்கச் சொல்லணும்."

"என் லைசென்ஸ் போயிடும். ஜெயில்ல போடுவாங்க. நீடியா, என்னைப் பாரு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. வேற எதுவும் வேண்டாம்."

"என் வாயிலிருந்து அது வராது."

மாரிக்ரூஸ் கண்ணாடியைத் துடைத்தபடி, "கிளம்பலாமா? ஆமை காட்டுறேன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள். வேலை வேலைதான். நீடியா சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணாடியை ஒரு கையால் அழுத்திப் பின்பக்கமாகச் சரிந்தாள். தண்ணீர் அவளை வாங்கிக்கொண்டது.

*

கீழே வந்ததுமே தெரிந்தது, நீரோட்டம் திரும்பியிருந்தது.

இந்தத் தீவில் யாரும் நீந்துவதில்லை. ஓட்டம் தூக்கிக்கொண்டு போகும், மேலே எழும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு படகு பின்னாலேயே வரும். எப்போதும் வடக்கே ஓடும் தண்ணீர் வருஷத்தில் சில நாள் மனம் மாறித் தெற்கே ஓடும். தெற்கே பாறை திடீரென்று அறுந்து, நீலம் கறுப்பாகிற வரைக்கும் செங்குத்தாக இறங்குகிற சுவர் இருக்கிறது. லெய்தி கடைசியாக இறங்கிய இடம்.

அவள் திருப்பிக் கூட்டிப்போகலாமா என்று நினைத்தாள். ஆனால் கீழே எல்லாம் அவ்வளவு சாதுவாக இருந்தது. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து நொறுக்குகிற சத்தம், யாரோ பக்கத்து அறையில் உட்கார்ந்து முறுமுறுவென்று தின்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. ஊதாக் கடற்பஞ்சுகள் பானை பானையாக வாய் திறந்து நின்றன. ஒரு ஆமை இவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் மேய்ந்தது, மாரிக்ரூஸ் குழாய்க்குள்ளேயே சந்தோஷத்தில் ஊளையிட்டாள். பாம்பு போன்ற பச்சை அஞ்சாலை மீன் ஒன்று பொந்திலிருந்து தலையை நீட்டி, கிழவனின் பொக்கை வாயைப் போல மூடி மூடித் திறந்தது. தலைக்கு மேலே படகின் முனகல். இத்தனை வருஷமாக அந்த முனகல்தான் அவளுக்குத் தைரியம். எத்தனை ஆழத்தில் இருந்தாலும் அவன் மேலே இருக்கிறான், தன் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு வருகிறான் என்று. இன்று அதே முனகல், அவள் தலைமேல் ஒரு அந்நியன் செருப்போடு நடப்பது போல இருந்தது. பார்த்துக்கொண்டுதான் வருகிறானா? பார்த்தாலும், எதை நம்புவான்?

சுவரின் விளிம்பு வந்தது. மணல் முடிந்து, நீலம் ஆரம்பித்தது.

குமிழிகள்.

கீழேயிருந்து வந்தன. சுவரின் அடிவயிற்றிலிருந்து ஒரு கொத்து, வெள்ளிக் காசுகளைப் போல அகன்று, அவள் முகத்துக்கு முன்னால் ஏறிப் போனது. நீடியா பயப்படவில்லை. பாறைக்குள் குகைகள் உண்டு; போன ஆட்கள் விட்ட மூச்சு பவளத்தின் துளைகளில் சிக்கி, அவர்கள் போனபின்னும் கசிந்து வெளியே வரும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கசிகிற காற்று நூலாக வரும். இது நிறுத்தி நிறுத்தி வந்தது. ஒரு கொத்து. இடைவெளி. ஒரு கொத்து. இடைவெளி.

யாரோ நிதானமாக மூச்சு விடுவது போல.

அவள் தன் மூச்சை நிறுத்திப் பார்த்தாள். கீழேயிருந்த மூச்சும் நின்றது. அவள் விட்டாள். அதுவும் விட்டது.

கிளிமீன்களின் முறுமுறுப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது மீன்களே இல்லை. சுவரில் ஒட்டிய விசிறிப் பவளங்கள் மட்டும் ஓட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

டங்.

சிலிண்டரில் இரும்பைத் தட்டுகிற சத்தம். தண்ணீருக்குள் ஆள் ஆளைக் கூப்பிடும் வழி அது ஒன்றுதான். ஒராசியோவைப் பார்த்தாள், அவர் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு மிதந்தார். மாரிக்ரூஸ் தன் காற்றுமானியைக் காட்டினாள். குறைந்திருந்தது. மேலே போகும் நேரம்.

டங். டங்.

நீடியா மிதவையைச் சுருளிலிருந்து அவிழ்த்து, காற்று ஊதி மேலே அனுப்பினாள். கயிற்றை ஒராசியோவின் கையில் கொடுத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நீங்க போங்க, இதோ வரேன். அவர்கள் கயிற்றைப் பிடித்தபடி மெதுவாக ஏறினார்கள். வழிகாட்டி விருந்தினரை விட்டுப் பின்தங்கக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுக்கிறவளே அவள்தான். ஆனால் கீழே, கை நீட்டினால் எட்டிவிடும் போன்ற ஒரு விளிம்புக்கு அடியில், மஞ்சளாக ஏதோ ஆடியது.

கால்துடுப்பு. மஞ்சள். குதிகால் பட்டை அறுந்ததை மீன்பிடி நரம்பால் தைத்த துடுப்பு. லெய்திக்காகத் தைத்தது நீடியாதான்.

அப்படியானால் இங்கேதான். பேருந்தில் இல்லை, கிட்டார்க்காரனோடு இல்லை. இங்கே. இதை எடுத்துக்கொண்டு போய் அந்த அலுவலக மேசையில் வைத்தால் போதும். வேறு யாரும் எதுவும் பேச வேண்டாம்.

அவள் தலைகீழாக இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்தது. நிறங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவள் கையின் சிவப்புக் கையுறை கறுப்பானது. மஞ்சள் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. துடுப்பு மேலும் கீழும் அசைந்தது, ஓட்டத்தில் அசைகிற எதையும் போல. பட்டையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பாறையில் சிக்கியிருக்கும். விரலை உள்ளே விட்டாள்.

உள்ளே பாதம் இருந்தது.

மெத்தென்று இருந்தது. சூடாக இருந்தது.

விரல்கள் மடங்கின. கூச்சப்படுகிற மாதிரி. பிறகு அந்தக் கால் அவள் பிடியிலிருந்து மெதுவாக, நிதானமாக, விளிம்புக்கு அடியில் தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

மேலே. மேலே. மேலே.

காது அடைத்தது. குமிழிகள் அவளை முந்தின. மெதுவாகப் போ, மூச்சை விடு, மூச்சைப் பிடிக்காதே. ஓட்டம் பக்கவாட்டில் அடித்துத் தள்ளியது. சுவர் தெரியவில்லை. கயிறு தெரியவில்லை. எல்லாப் பக்கமும் நீலம். கீழே பார்க்காதே. பார்த்தாள். எதுவும் இல்லை. எதுவுமே இல்லாதது இன்னும் மோசமாக இருந்தது. அப்படியானால் அது அவளுக்கு முன்னால் ஏறிப் போயிருக்க வேண்டும்.

*

வெளிச்சம். காற்று. அவள் இருமினாள், அழுதாள், கண்ணாடியைக் கழற்றினாள்.

படகு தூரத்தில் இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் வடக்கே வானம் ஈய நிறத்துக்கு மாறியிருந்தது, அங்கிருந்து காற்று எழுந்து படகைத் தாண்டி அவள் முகத்தில் அடித்தது. படகின் சத்தமெல்லாம் அவளிடம் வந்தது. டீசல் வாடை வந்தது. மாரிக்ரூஸின் சிரிப்பு வந்தது. அவள் கத்திய "ஃபெர்மீன்!" அவள் வாயைவிட்டுத் தெற்கே பறந்து போனது.

ஏணியில் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஒராசியோ ஏற்கெனவே மேலே நின்றார். மாரிக்ரூஸும் மேலே நின்றாள். ஏணியில் மூன்றாவதாக ஒரு ஆள். அவள் போட்டிருப்பதைப் போலவே கறுப்புத் தலையுறை, சிவப்புக் கையுறை. அபுந்தியோ குனிந்து கை கொடுத்தார். அவள் சிலிண்டரை வாங்கினார். தோளில் துண்டைப் போர்த்தினார்.

"நல்லவேளை, பின்னாடியே வந்துட்டீங்க," என்றாள் மாரிக்ரூஸ். "கால்ல என்ன, துடுப்பையே மாத்திட்டீங்களா? மஞ்சள் உங்களுக்கு நல்லா இருக்கு."

அந்த ஆள் நடந்து போய், பெஞ்சின் கடைசி மூலையில் உட்கார்ந்தாள்.

நீடியா நீந்தினாள். கை போட்டாள், கால் உதைத்தாள். ஓட்டம் அவளைப் பின்னால் இழுத்தது. நெருங்கவில்லை.

ஃபெர்மீன் சுக்கானில் நின்றான். முதுகு காட்டி. பேர் கூப்பிட்டான்.

"ஒராசியோ."

"மேல!"

"மாரிக்ரூஸ்."

"மேல!"

அவன் தோள் ஏறி இறங்கியது அவளுக்குத் தெரிந்தது.

"நீடியா."

அவள் நெஞ்சு கிழியக் கத்தினாள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டது. அதே நொடி, அதே குரலில், கொஞ்சம் களைப்போடு, படகின் மூலையிலிருந்து வந்தது:

"மேல."

விசில். மார்பில் தொங்கியது. பல்லால் கடித்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். கூரான சத்தம், அது காற்றைத் துளைத்தது. அபுந்தியோ நல்ல காதைத் திருப்பினார்.

ஃபெர்மீன் திரும்பினான்.

நேராக அவளைப் பார்த்தான்.

சந்தேகமே இல்லை. அவன் கண் அவள் கண்ணில் வந்து நின்றது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். அவன் உதடு பிரிந்தது. பெஞ்சின் மூலையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். கை இயந்திர விசைக்குப் போயிற்று. அபுந்தியோ, "கேப்டன்... தண்ணியில..." என்று ஆரம்பித்தார்.

துண்டு போர்த்திய உருவம் எழுந்தது. ஃபெர்மீனுக்குப் பின்னால் வந்து, அவன் தோளில் சிவப்புக் கையுறைக் கையை வைத்தது. காற்று ஒவ்வொரு சொல்லையும் பத்திரமாகக் கொண்டுவந்து நீடியாவின் காதில் போட்டது.

"நான் எங்கேயும் போகலை. அம்மாகிட்டயும் சொல்லலை. மன்னிச்சிட்டேன், ஃபெர்மீன். வா, வீட்டுக்குப் போகலாம்."

அவன் முகம் தளர்ந்தது. சுமை இறக்கிய கூலிக்காரனைப் போல, தூக்கம் கிடைத்த நோயாளியைப் போல. அழுகிற மாதிரியும் இருந்தது. கன்னத்தைத் திருப்பி அந்தக் கையுறையின் மேல் வைத்துக்கொண்டான். தண்ணீரில் இருந்த நீடியாவின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே விசையைத் தள்ளினான்.

விசிறி சுற்றியது. தண்ணீர் வெளுத்தது.

அபுந்தியோ சிலுவை போட்டுக்கொண்டு, கயிற்றைச் சுருட்ட முன்பக்கம் போய்விட்டார்.

விசில் அவள் வாயிலிருந்து விழுந்தது. படகு சிறுத்தது. துண்டு போர்த்திய உருவம் இப்போது அவன் பக்கத்தில், அவள் நிற்கும் இடத்தில், அவள் நிற்பது போலவே ஒரு இடுப்பைச் சாய்த்து நின்றது. பிறகு படகு இல்லை. சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் டீசல் வாடை மட்டும் அலைமேல் மிதந்தது, அதுவும் போயிற்று. வடக்கே ஈயம் பரவியது. முதல் பெரிய அலை அவளைத் தூக்கி இறக்கியது.

கால்களுக்குக் கீழே தண்ணீர் சூடாயிற்று.

முதுகுக்குப் பின்னால், சிலிண்டரின் அடியிலிருந்து, குமிழிகள் ஏறி வந்து அவள் பிடரியில் உடைந்தன. ஒரு கொத்து. இடைவெளி. ஒரு கொத்து. ஈரமான ஒரு கன்னம் அவள் காதோடு வந்து ஒட்டியது. உப்பில் கரகரத்துப்போன, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல், குழந்தையாக இருந்தபோது இருட்டில் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசுமே அந்தக் குரல், சொன்னது:

"அக்கா, அத்தான் என்னையும் இப்படித்தான் பார்த்தாரு."